வந்துகொண்டிருப்பவர்

தருமன் துபாயிலிருந்து வந்துவிட்டான் என்கிற செய்தி, அவன் வீட்டைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தது.

வேங்கிக்கால் முனையில், செங்கம் ரோட்டில், கிரிவலப் பாதை நெடுக என்று ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். ‘தீபத் திருநாளுக்குத் தாய்மண் திரும்பும் அண்ணாமலையின் அருந்தவப் புதல்வா, வருக.’ பாஸ்போர்ட் போட்டோவிலிருந்து தலையை மட்டும் வெட்டியெடுத்து, யாருடையதோ ஒரு கோட்டுக்கு மேல் பொருத்தியிருந்தார்கள். தருமன் பிறந்ததிலிருந்து கோட்டு போட்டதில்லை. துபாயில் அவனுக்கு வேலை, உயரமான கட்டடங்களின் வெளிப்பக்கம் கயிற்றுத் தொட்டிலில் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைப்பது. அடுத்தவர் வீட்டை வெளியிலிருந்து பார்ப்பது அவனுக்குத் தொழில்.

இந்த மரியாதைக்கு அவன் எந்த மனுவும் போடவில்லை. அவன் மனைவி அருணாதேவி, வெளிநாடு போனவர்களைக் கணக்கெடுக்க ரேஷன் கடை வாசலில் நடந்த முகாமில், “எங்க வீட்டுக்காரரு தீபத்துக்கு லீவுல வர்றாரு” என்று பெயர் கொடுத்திருந்தாள். பெயர் கொடுத்தவர்களுக்கு ஒரு பிளாஸ்டிக் குடம் கிடைத்தது. குடத்துக்காகக் கொடுத்தாள் என்று சொல்ல முடியாது. ஆனால் குடம் நல்ல குடம்.

அவன் வந்தது ஒரே காரியத்துக்கு. மகள் மதிவதனி வயிற்றில் இருக்கும்போது விமானம் ஏறினவன் அவன். இப்போது அவளுக்கு மூன்று முடிந்துவிட்டது. அப்பா என்றால் அவளுக்கு ஃபோனில், உள்ளங்கை அகலத்தில், மஞ்சள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு சிரிக்கிற முகம். அந்த முகத்துக்கு முத்தம் கொடுத்துத் திரையை எச்சில் பண்ணுவாள்.

“நீ வந்தா என்னத் தூக்குவியா?”

“தோள் மேல ஏத்தி மலை உச்சியில தீபம் காட்டுவேன்டி.”

இதுதான் இருவருக்கும் ஒப்பந்தம்.

தீபத்துக்கு ஊருக்குள் பஸ் விடமாட்டார்கள். ஊருக்கு வெளியே போட்டிருந்த தற்காலிக பஸ் ஸ்டாண்டில், நீல நைலான் கயிறு கட்டிய அட்டைப்பெட்டியோடு தருமன் இறங்கினான். வீடு இருப்பது மலைக்கு அந்தப் பக்கம், அடி அண்ணாமலையில். ஆட்டோவைக் கூப்பிட வாயைத் திறந்தபோது, கையில் அளவு டேப்போடு ஒல்லியான ஒருவன் முன்னால் வந்து நின்றான்.

“ண்ணா, தருமண்ணாதான? கொஞ்சம் கழுத்தக் காட்டுங்க.”

“கழுத்தா? எதுக்குப்பா?”

“மாலைக்கு அளவுங்கண்ணா. போன வருசம் ஒருத்தருக்கு மாலை தலையிலயே மாட்டிக்கிச்சு. நான் அன்பரசன். வரவேற்பு ஆபீஸ்ல உதவியாளர்.”

கழுத்து குறித்துக்கொள்ளப்பட்டது. பெட்டி வேனில் ஏறியது. பெட்டி ஏறினால் தருமனும் ஏறத்தானே வேண்டும்.

ஆபீஸின் முழுப்பெயர் ‘அயலகம் வாழ் அண்ணாமலை மைந்தர் வரவேற்பு மற்றும் நல ஒருங்கிணைப்பு மையம்’. போர்டு எழுதியவர் இடம் போதாமல் ‘நல’ என்பதை விட்டுவிட்டார். யாரும் அதைக் கவனிக்கவில்லை. சிறப்பு அலுவலர் இராமலிங்கம் எழுந்து நின்று கைகொடுத்தார்.

“உக்காருங்க மிஸ்டர் தருமன். இந்தத் திட்டம் எங்கிருந்து வந்ததுன்னு தெரியுமா? பிலிப்பைன்ஸ். வீட்டுக்கு ஒருத்தர் வெளிநாட்டுல இருக்கற ஜனம். டிசம்பர் ஆனா கூட்டம் கூட்டமாத் திரும்பி வருவாங்க. ஏர்போர்ட்ல பேண்டு என்ன, பாட்டு என்ன, ‘நாயகர்களே’ன்னு கூப்பிட்டுக் கைகுலுக்கறது என்ன. ஆய்வுப் பயணத்துக்கு மணிலா போனப்ப ஏர்போர்ட்டிலேயே உக்காந்து எல்லாத்தையும் பாத்தேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சு.”

“அப்புறம் அவங்க எங்க போவாங்க சார்?”

“யாரு?”

“வந்தவங்க.”

இராமலிங்கம் யோசித்தார். “அது ஆய்வு வரம்புக்குள்ள வரல.”

அந்தக் கேள்விக்குப் பதில் தருமனுக்குத் தெரியும். தொட்டிலில் அவனோடு தொங்குகிற ஜோயல் மணிலாக்காரன். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு இதேபோல ஒரு அட்டைப்பெட்டியோடு ஊருக்குப் போய்வருவான். ‘ஏர்போர்ட்ல ஒரு பாட்டு பாடுவாங்க. கைதட்டுவேன். பாட்டு முடியறதுக்குள்ள வெளிய வந்து ஜீப் பிடிச்சு வீட்டுக்குப் போயிருவேன்’ என்று சொல்லியிருக்கிறான். அதைச் சொல்லலாமா என்று தருமன் பார்த்தான். அதற்குள் இராமலிங்கம் பாஸ்போர்ட்டை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

“விழா முடிஞ்சதும் மேடையிலயே தருவோம். கௌரவமா.”

பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு நிற்பது தருமனுக்குப் பழகின வேலைதான். அங்கே கம்பெனிக்காரன் வாங்கி வைத்துக்கொள்வான். அவன் கௌரவம் என்று சொல்வதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

“சார், நான் வீட்டுக்குப் போயிட்டு விழா அன்னிக்கு வந்துடறேன். தோ, மலைக்கு அந்தாண்டதான்.”

“அங்கதான் தப்பு பண்றீங்க. வரவேற்கப்படாதவரைக்கும் நீங்க வரல. ‘வந்துகொண்டிருப்பவர்’. அப்படித்தான் பதிவாகியிருக்கு.”

“நான் இங்கதான சார் நிக்கறேன்.”

“அது உங்க அபிப்பிராயம்.” இராமலிங்கம் கோபப்படவில்லை. அவருக்குக் கோபமே வராது. “நீங்க இப்பவே போய்ப் பொண்டாட்டி புள்ளையப் பாத்துட்டீங்கன்னா, மேடையில எதுக்கு அழுவாங்க? போன வருசம் அப்படித்தான் ஆச்சு. ஒரு பையன் முன்னாடியே வீட்டுக்குப் போயிட்டான். மேடையில அவன் பொண்டாட்டி, ‘கேஸ் புக் பண்ணிட்டியா’ன்னு கேட்டா. மைக்குல கேட்டுச்சு. கண்ணீர் கம்மியானா திட்டத்துக்கு நிதி கம்மியாயிடும் தம்பி. பாசத்தத் தனியார் கையில விட முடியாது.”

ஃபோனையும் வாங்கி ஒரு துணிப்பையில் போட்டார்கள். குரல் கேட்டாலும் கண்ணீர் கம்மியாகுமாம்.

தங்குமிடம் ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸ். ‘வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு’ என்று ஆபீஸில் கேட்டிருந்ததால், வெளிநாட்டுக்காரர்களுக்கான இடத்தையே பிடித்துக்கொடுத்திருந்தார்கள். மேனேஜர் தருமனிடம் நிறுத்தி நிறுத்தி இங்கிலீஷில் பேசினார். படுக்கையில் ஒரு யோகா பாய் சுருட்டி வைத்திருந்தது. தருமன் குழாயில் வாய் வைக்கப் போனபோது மேனேஜர் ஓடிவந்து தடுத்தார்.

“நோ, நோ. டேப் வாட்டர். ஸ்டமக்.”

“நான் இந்தத் தண்ணியில பொறந்தவன்யா.”

“எஸ், எஸ். பட் நவ் ஃபாரின்.”

காலையில் ஓட்ஸும் வாழைப்பழ தோசை மாதிரி ஒன்றும் வந்தது. கருவாட்டுக் குழம்பு வாசனையை நினைத்துக்கொண்டே விமானத்தில் தூங்காமல் வந்தவன் அதைத் தேனில் தொட்டுச் சாப்பிட்டான். கொண்டுவந்து வைத்தவர் பெயர் கலையரசன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்தவர்.

“நீங்களும் லீவுக்கு வந்தீங்களாண்ணா?”

“ஆமாப்பா. போன தீபத்துக்கு.”

தருமன் மெல்லுவதை நிறுத்தினான்.

“என் முறை வர்றதுக்குள்ள சிறப்பு விருந்தினரு கிளம்பிட்டாரு. அடுத்த விழாவுல நிச்சயம்னாங்க. அதுக்குள்ள அங்க வேலை போச்சு. பாவம்னு இங்கயே சமையலுக்கு வெச்சுக்கிட்டாங்க. சும்மா சொல்லக்கூடாது, இராமலிங்கம் சார் நல்ல மனுசன். பாக்கும்போதெல்லாம் ‘நீங்க வந்துகிட்டே இருக்கீங்க கலை’ன்னு தட்டிக்கொடுப்பாரு.”

“வீட்டுல?”

“பொண்டாட்டி அப்பப்ப வந்து கேட்டுக்கு வெளிய நிப்பா. உள்ள விடமாட்டாங்க. கண்ணீர் மேட்டரு.”

அன்றைக்கு மத்தியானமே தருமன் ஓடிப்போவது என்று முடிவு செய்தான். பாஸ்போர்ட் கிடக்கட்டும், ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடலாம். அதில் பெரிய சாமர்த்தியமும் தேவையில்லை. வாசலில் கிரிவலக் கூட்டம் ஆறு மாதிரி போய்க்கொண்டிருந்தது. ஆந்திரா, கர்நாடகா, எங்கெங்கிருந்தோ வந்தவர்களெல்லாம் அவன் வீட்டு வழியாகத்தான் மலையைச் சுற்றப் போகிறார்கள். அவன் செய்ய வேண்டியது, செருப்பைக் கழற்றிவிட்டுக் கூட்டத்தில் கலப்பதுதான்.

கலந்தான். அடி அண்ணாமலை வளைவு கண்ணுக்குத் தெரிகிற தூரம் வரைக்கும் நன்றாகத்தான் போயிற்று. அங்கே சாம்பார் சாதம் கொடுத்துக்கொண்டிருந்த தொண்டர் ஒருவர் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு தலைக்கு மேலே பார்த்தார். தலைக்கு மேலே கோட்டு போட்ட தருமன் சிரித்துக்கொண்டிருந்தான்.

“சார், நீங்க ஃப்ளெக்ஸ்ல இருக்கறவர்தானே? ஐயய்ய, நீங்க எதுக்கு வெயில்ல நடக்கறீங்க. உங்கள வரவேற்கணுமே.”

அவர்கள் அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை. நாலு பேர் கைகோத்து, கூட்டத்தை விலக்கி, தண்ணீர் பாட்டில் கொடுத்து, வந்த திசைக்கே எதிராக நடத்திக்கொண்டுபோய் கெஸ்ட் ஹவுஸில் விட்டார்கள். கிரிவலத்தை எதிர்ப்பக்கமாகச் சுற்றக் கூடாது என்று வழியில் ஒரு அம்மா மட்டும் கோபித்துக்கொண்டாள்.

இராமலிங்கம் சாயங்காலம் நேரில் வந்தார். “மிஸ்டர் தருமன், உங்க ஆர்வம் புரியுது. அதை வீணாக்காதீங்க. மேடையில காட்டுங்க.”

மறுநாளிலிருந்து ஒத்திகை. மகளைத் தூக்குவதற்குப் பயிற்சி வேண்டும் என்று ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கொண்டுவந்தார்கள். அருணாதேவிக்குக் கொடுத்த அதே ரகம். மதிவதனியின் எடையை அங்கன்வாடியில் கேட்டு அந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். தருமன் ஓடிவந்து, மண்டியிட்டு, குடத்தைத் தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, நெற்றியில் முத்தம் கொடுக்க வேண்டும். குடத்துக்கு நெற்றி எது என்று அவன் கேட்டான். வாய்க்குக் கீழே என்று முடிவாயிற்று.

“பாசம் தெரியல தருமன்,” என்றார் இராமலிங்கம். “குடம்னு நினைக்காதீங்க.”

“சார், அந்தப் பக்கம் எம் பொண்ணுக்கும் குடந்தான் கொடுத்திருக்கீங்களா?”

“சேச்சே. குழந்தைக்குக் குடத்த அப்பான்னு காட்ட முடியுமா? அதுக்குத் தனி ஏற்பாடு.”

என்ன ஏற்பாடு என்பது கலையரசனின் பட்டன் ஃபோன் வழியாகத்தான் தெரிந்தது. சமையலறைக்குள் குக்கர் சத்தத்துக்கு நடுவே தருமன் வீட்டுக்குப் பேசினான்.

“மாமா, எங்க கீற? வந்துட்டேங்கறாங்க, வரலங்கறாங்க, எனக்கு ஒண்ணுமே புரியல,” என்றாள் அருணாதேவி.

“ஆசிரமத்தாண்டதான் இருக்கேன். மதி என்ன பண்றா?”

“தெனமும் வேன் வந்து வேங்கிக்காலுக்குக் கூப்ட்டுப் போறாங்க. ஒத்திகையாம். அங்க ஒருத்தரு நீயா நடிக்கறாரு.”

“நானா?”

“அன்பரசன்னு ஒரு தம்பி. உன்ன மாதிரியே மீசை ஒட்டி, மஞ்சத் தொப்பி போட்டுக்கினு வருது. ‘அப்பா வந்துட்டேன்’னு கையை விரிக்கும். மதி ஓடணும். மொத நாளு அழுதா. அப்புறம் சாக்லேட்டு கொடுத்துது.”

“என்ன சாக்லேட்டு?”

“தங்கக் கலர் பேப்பர் சுத்தினது. மாமா, அது நீ வாங்கினது இல்லியே? லைட்டு எரியற ஷூ கூட கொடுத்தாங்க. நடந்தா பளிச்சு பளிச்சுனு எரியுது. ஒத்திகைக்கு யூஸ் பண்ணிக்கலாம்னு சொன்னாங்க.”

அந்த ஷூவைத் தருமன் ஒரு வெள்ளிக்கிழமை முழுக்கக் கடை கடையாக ஏறி வாங்கினான். நாலாவது கடையில் ஜோயல் அதைக் கையில் மாட்டிக்கொண்டு தரையில் ஓட்டிக் காட்டினான்.

“நல்லா நடிக்கறானா?” என்று தருமன் கேட்டான்.

“நல்லாத்தான் நடிக்குது,” என்றாள் அவள். குக்கர் மறுபடி கத்தியது.

தீபத்தன்று மாலை தருமன் கெஸ்ட் ஹவுஸ் மொட்டை மாடியில் நின்றான். அரோகரா என்று ஊர் முழுக்க ஒரே தொண்டையாக எழுந்தது. உச்சியில், பதினோரு நாள் எரியப்போகிற தீபம் பிடித்துக்கொண்டது. கூட்டத்தில் எங்கு பார்த்தாலும் அப்பன்கள் தோளில் பிள்ளைகள். தருமன் தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அங்கே மாடியில் காயப்போட்டிருந்த யாரோ ஒருவருடைய துண்டு காற்றில் பறந்துவந்து கிடந்தது.

சிறப்பு விருந்தினர் சென்னையிலிருந்து அன்றைக்கு வந்திருந்தார். தீபம் பார்த்துவிட்டு உடனே திரும்பிவிட்டார். விழா தள்ளிப்போயிற்று. இரண்டாம் முறையும் தள்ளிப்போயிற்று. கடைசியில், தருமன் விமானம் ஏற வேண்டிய நாளுக்கு முந்தின நாள் காலை, வேங்கிக்காலில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவன் வந்து சேர்வது என்று நிச்சயமானது.

சிறப்பு விருந்தினர் நீண்ட நேரம் பேசினார்.

“அயல்நாட்டு வாழ்க்கையின் வேதனை எனக்குத் தெரியும். நானும் பட்டிருக்கிறேன். ஐரோப்பாவில் ஒரு வாரம் இருந்தேன். இட்லி கிடைக்கவில்லை. அப்போதுதான் நம் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். இவர்கள் திரும்பி வர வேண்டும். வந்தால்தான் வரவேற்க முடியும். வரவேற்றால்தான் மறுபடி போகத் தெம்பு வரும். ஆகவே போய்க்கொண்டே வாருங்கள், வந்துகொண்டே போங்கள்.”

பலத்த கைதட்டல். அடுத்து பெட்டி பிரிப்பு. நீலக் கயிற்றை எடுத்துவிட்டுச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். விருந்தினர் கத்தரித்துத் திறந்தார். உள்ளே ஒரு தைலப் பாட்டிலும் போர்வையும் இருந்தன. மற்றதெல்லாம் ஒத்திகையில் செலவாகியிருந்தது. “எளிமை,” என்றார் விருந்தினர் மைக்கில்.

பிறகு சந்திப்பு. தருமன் மேடையின் நடுவில், சாக்பீஸால் போட்ட வட்டத்தில் மண்டியிட்டான். மாலை கழுத்துக்குச் சரியாக இருந்தது. திரைக்குப் பக்கவாட்டில் அருணாதேவி மகளின் கையை விட்டாள்.

மதிவதனி வந்தாள். ஃபோனில் பார்த்ததைவிடச் சின்னவளாக இருந்தாள். அவன் பெரியவளாக இருப்பாள் என்று எதிர்பார்த்திருந்தான். இரட்டைச் சடை, காலில் பளிச்சுப் பளிச்சென்று சிவப்பும் நீலமும்.

“அப்பா வந்துட்டேன்,” என்றான் தருமன், சொல்லிக்கொடுத்தபடி. குரல் மட்டும் சொல்லிக்கொடுத்தபடி வரவில்லை.

அவள் ஓடிவந்தாள். நேராக, வேகமாக, பழகின பாதையில். வட்டத்துக்குக் கிட்டே வந்ததும் அந்த ஆளை ஒருமுறை பார்த்தாள். வழியில் நாற்காலி போட்டிருந்தால் எப்படிச் சுற்றிக்கொண்டு போவோமோ அப்படி அவனைச் சுற்றிக்கொண்டு, மேடை ஓரத்தில் சந்தனத் தட்டு ஏந்தி நின்ற அன்பரசனின் காலைக் கட்டிக்கொண்டாள்.

“அப்பா.”

அன்பரசன் அன்றைக்கு மீசை ஒட்டியிருக்கவில்லை. மஞ்சள் தொப்பியும் இல்லை. தட்டால் முகத்தை மறைத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனான். அது விளையாட்டு என்று நினைத்து அவள் சிரித்துக்கொண்டே பின்னால் ஓடிப் பிடித்துவிட்டாள். தூக்கு என்று கையை உயர்த்தினாள்.

தருமன் விரித்த கையை மடக்கவில்லை. மடக்கலாம் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

“தூக்குடா,” என்று இராமலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு அன்பரசனிடம் சொன்னார். “போட்டோகிராபர், ஆளு மூஞ்சி வேணாம், குழந்தை மூஞ்சி மட்டும் எடு.”

போட்டோ நன்றாக வந்தது. அருணாதேவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். அந்தக் கண்ணீரைப் பார்த்து இராமலிங்கத்துக்கு மனசு நிறைந்தது.

“குழந்தை ஓடிச்சா? ஓடிச்சு. கட்டிப் பிடிச்சுதா? பிடிச்சுது. அம்மா அழுதாங்களா? அழுதாங்க,” என்று பாஸ்போர்ட்டையும் ஃபோன் இருந்த துணிப்பையையும் கொடுக்கும்போது தருமனிடம் சொன்னார். “யாரங்கறது சின்ன விஷயம் தம்பி. மனசுல வெச்சுக்காதீங்க. இப்ப நீங்க அதிகாரபூர்வமா வந்துட்டீங்க. நாளைக்கு வழியனுப்பு விழா. அதுக்கு ஒத்திகை இன்னிக்கு சாயங்காலம்.”

நேரம் போதாமல் கலையரசன் அடுத்த தீபத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டார். மண்டபத்தில் விருந்து அவர் சமையல்தான்.

தருமனை வேனில் வீட்டுக்குக் கொண்டுவிட்டவன் அன்பரசன். அருணாதேவியும் மகளும் முன்னாலேயே போயிருந்தார்கள். வழியெல்லாம் ரோட்டையே பார்த்து ஓட்டினான். இறங்கும்போது மெதுவாகச் சொன்னான்.

“ண்ணா, நான் வேணாம்னுதான் சொன்னேன். ஆபீஸ்ல வேற யாருக்கும் அந்த மீசை செட்டாகல. பாப்பா நல்ல பாப்பாண்ணா. முந்திரி போட்ட சாக்லேட்டுதான் தின்னும். கடலை போட்டது கொடுத்தா துப்பிடும். தூக்கம் வந்தா காதைப் பிடிச்சுக்கும். நம்ம காதை.”

தருமன் கேட்டுக்கொண்டான். எல்லாம் அவனுக்குத் தெரிய வேண்டிய தகவல்கள்.

வீட்டில் மதிவதனி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அவன் உட்கார்ந்தால் எழுந்து போனாள். அவன் போர்வையைக் காட்டினான், தைலத்தைக் காட்டினான். அதற்கு மேல் காட்ட ஒன்றும் இல்லை. அருணாதேவி இழுத்துவந்து, “அப்பாடி இது, பாருடி,” என்றாள்.

“இது மாமா,” என்றாள் மதிவதனி. “ஒரு அப்பா ஆபீஸ்ல கீறாரு. ஒரு அப்பா ஃபோன்ல கீறாரு.” எண்ணிக் காட்டிய இரண்டு விரலையும் மடக்கிக்கொண்டு அம்மாவிடம் ரகசியமாகக் கேட்டாள். “இந்த மாமா எப்பம்மா போவாரு?”

பொழுது சாய்ந்தது. கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. தருமன் துணிப்பையிலிருந்து ஃபோனை எடுத்தான். “தோ, வந்துட்டேன்” என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய், சுவருக்கு அந்தாண்டை, முருங்கை மரத்தடியில் நின்றான். வீடியோ காலைப் போட்டான்.

உள்ளே அருணாதேவியின் ஃபோன் அடித்தது. ஷூ சத்தம் தடதடவென்று ஓடிவந்தது.

“அப்பா.” சுவருக்கு மேலாக ஒரு தடவை, ஃபோனில் ஒரு தடவை, இரண்டு தடவை கேட்டது. திரை முழுக்க முகம். எச்சில் பட்டுத் திரை மங்கியது. “தொப்பி எங்க?”

“கயட்டி வெச்சிருக்கேன்.”

“எங்க வூட்டுக்கு ஒரு மாமா வந்து உக்காந்துகினு கீறாரு.”

“அப்படியா? நல்ல மாமாவா?”

அவள் யோசித்தாள். “தெரில. நீ எப்ப வருவ?”

வாசலில் வேன் ஹாரன் அடித்தது. ஒத்திகைக்கு நேரமாகிவிட்டது.

“வந்துகிட்டே இருக்கேன்டி,” என்றான் தருமன்.

“தீபம் இன்னும் எரியுதுப்பா. உனுக்கு அங்க தெரியாதுல்ல? இரு, நான் காட்டறேன்.” ஷூ சத்தம் மறுபடி ஓடி வெளியே வந்தது. சுவருக்கு இந்தாண்டை, வீட்டுப் பக்கமாக, கை எட்டுகிற தூரத்தில் நின்றது. திரையில் ஓட்டுக்கூரை ஆடியது, கம்பி ஆடியது, மலையின் கறுப்பு வந்தது. “தெரியுதா?”

தருமன் தலைக்கு மேலே பார்க்கவில்லை. ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“தெரியல கண்ணு,” என்றான். “இன்னும் கொஞ்சம் மேல தூக்கு.”